ஒரு பாட்டில் மலைத்தேன்

கள்ளக்குறிச்சியில் எந்த இலக்கிய விழா நடந்தாலும் நோட்டீஸில் எல்லாப் பெயரும் மாறும். ‘தலைமை நடுவர்: புலவர் பகலவன்’ என்ற வரி மட்டும் மாறாது. ரிட்டயர்டு தமிழாசிரியர். மார்க் போட்டுப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை விழா கொஞ்சம் பெரியது. சங்கராபுரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் பரதநாட்டியம், பட்டிமன்றம், கவிதைப் போட்டிக்குப் பரிசளிப்பு. வசூலாவது கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்கு. கலை, இலக்கியம், தர்மம் மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

புதன்கிழமை காலை பகலவன் மார்க் பட்டியலை முடித்துப் பேனாவை மூடியபோது, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

“மணலூர்பேட்டையிலேர்ந்து வரேங்க. பெரியநாயகின்னு பேரு. போட்டிக்கு எழுதிப் போட்டாரே பழனி, அவரு சம்சாரம்.”

பழனியை மறக்க முடியுமா? ‘கரும்பே கரும்பே என்னை விரும்பே, நீயில்லையேல் நான் வெறும் துரும்பே’ என்று நாற்பது வரி எழுதியிருந்தார். பகலவன் நூற்றுக்குப் பதினொன்று போட்டிருந்தார். அதுவும் கையெழுத்து அழகாக இருந்ததற்காக.

பெரியநாயகி பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “எங்கண்ணன் மலையில இருக்கறாருங்க. கலப்படம் இல்லாத தேனு.”

பகலவன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கரையாமல் நேராக அடியில் போய் உட்கார்ந்தது. இந்த மாதிரி விஷயங்களில் அவர் கறாரான நடுவர்.

“சார், பரிசு விஷயமா…”

பகலவன் கையை உயர்த்தித் தடுத்தார். வாங்குவதில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வாய்விட்டுப் பேசிவிட்டால் அது லஞ்சம். பேசாமலே புரிந்துகொண்டால் அது பண்பாடு.

“சொல்லவே வேணாம்மா. புரியுது.”

“இல்லீங்க சார், இன்னான்னா…”

“முப்பத்து நாலு வருஷம் புள்ளைங்க மொகத்தப் பார்த்தே மார்க் போட்டவன் நானு. ஒங்க மொகம் எனக்குப் படிக்கத் தெரியாதா?”

பெரியநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்களுக்குன்னு இருக்கறது அரை ஏக்கர் கரும்புக் கொல்லை சார். அது இந்தப் பரிசுலதான் தொங்கிக்கினு இருக்குது. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. நீங்கதான் காப்பாத்தணும்.”

“நெலம் எங்கியும் போவாது. நிம்மதியா வூட்டுக்குப் போங்க.”

வாசற்படியில் அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். பகலவன் மிகுந்த பண்பாட்டோடு கதவைச் சாத்தினார்.

முதல் பரிசு பத்தாயிரம். ஒரு குடும்பத்தின் நிலத்தையே காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே மரியாதை வந்துவிட்டது. பேனாவைத் திறந்து, பழனியின் பதினொன்றில் முதல் ஒன்றின் தலையில் ஒரு சுழி போட்டார். தொண்ணூற்றொன்று ஆகிவிட்டது.

அதனால் இரண்டாம் இடத்துக்கு இறங்கியவள் இலக்கியா. மலையிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும் பெண். ரோடு இல்லாத ஊரில் பிரசவ வலியோடு துடித்த அக்காவை டோலி கட்டித் தூக்கி வந்ததை எழுதியிருந்தாள். எண்பத்தெட்டு மார்க். அதைப் படித்தபோது பகலவனே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தவர்தான்.

“சின்னப் பொண்ணு. இன்னும் வயசு இருக்குது” என்று சொல்லிக்கொண்டே பட்டியலை உறையில் போட்டு ஒட்டினார். மலைப் பள்ளிக்கு நூலகம் வைக்கிற விழாவிலேயே மலைப் பெண்ணின் பரிசைக் களவாடுகிறோமே என்று அவருக்குத் துளியும் உறுத்தவில்லை. நமக்குத்தான் வயிறு எரிகிறது. அவர் வயிற்றுக்கு இரண்டு ஸ்பூன் தேன் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பரிசு என்று தன் பெயரைக் கேட்டதும் பழனி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். பகலவன் காலில் விழுந்தார். எழுந்ததும் மைக்கைப் பிடித்துக் கரும்பே கரும்பே என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இலக்கியாவும் கை தட்டினாள்.

பகலவனின் கண்கள் பெரியநாயகியைத் தேடின. அவள் மேடையின் பக்கப் படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தாள். முந்தானை முழுக்கக் கண்ணீர். ஆனந்தக் கண்ணீருக்கு இன்னும் ஒரு பாட்டிலாவது வரும் என்று பகலவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா, நெலத்தக் காப்பாத்திட்டேனா?” என்றார் கனிவாக.

“எங்க சார் காப்பாத்துனீங்க? மொதப் பரிசு கெடச்சா கொல்லைய வித்து, எழுதினதெல்லாத்தையும் புக்கா போடறேன்னு மாரியாத்தா கோயில்ல சூடம் அணைச்சி சத்தியம் பண்ணிக்கினு வந்த மனுசன் அவரு. அவருக்குப் பரிசு மட்டும் குடுத்துடாதீங்கன்னு சொல்றதுக்குத்தான சார் நான் அம்மாந்தூரத்துலேர்ந்து தேனு தூக்கிக்கினு வந்தேன்!”