உடம்பில் பிடிக்கும் துரு

"பொம்பளைங்களுக்கு இல்லம்மா. வரிசையை விட்டுத் தள்ளி நில்லுங்க."

மருந்துக் கம்பெனிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வார்ப்படப் பட்டறை வாசலில் மேசை போட்டு மாத்திரை டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்.

அவள் உள்ளே மணல் சலிக்கிறவள். உலைப்புகையும் மணல் தூசியும் நெஞ்சில் ஏறி, காறித் துப்பினால் கறுப்பாக வந்தது. இருமல் நிற்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"நானும் அதே புகையைத்தானே சார் குடிக்கிறேன்?"

"புகை உள்ள போனா உடம்பு துருப்பிடிச்ச மாதிரி ஆயிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை. உங்களுக்கு அந்தச் சத்து உடம்புலயே ஊறுதும்மா, ஆம்பளைக்குத்தான் கம்மி. அதுவுமில்லாம மாசத்துக்கு நாலு விதமா மாறுற உடம்பு உங்களுது. எங்க ஆராய்ச்சிக்குச் சரிப்படாது."

"அப்ப என் நெஞ்சுக்குள்ள ஊறுறது சத்தா? கறுப்பா இருக்கவும் சளின்னு நினைச்சுட்டேன்."

வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள் புருஷன்தான். உருக்கிய இரும்பை மொண்டு அச்சில் ஊற்றுகிறவன். ஆராய்ச்சி முடியும்வரை சாராயம் குடிக்கக் கூடாது என்றார் கம்பெனிக்காரர். கோயில் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டான்.

சில மாதங்களில் அவன் கண் மஞ்சளித்துவிட்டது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினான். பட்டறைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான்.

"நான் தொடவே இல்லடி" என்றான்.

"ஆமா, பாட்டில் தானா நடந்து வந்து உன் வாயில ஊத்திட்டுப் போச்சு. உலைக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு இருக்குய்யா. உன் வாய்க்கு இல்ல."

"புள்ளைங்க மேல சத்தியமா."

"அதுங்களை ஏன் இழுக்கிற? அதுங்களாவது நல்லாயிருக்கட்டும்."

கஞ்சிக் கிண்ணத்தைக் காலால் தள்ளாத குறையாக அவன் பக்கம் நகர்த்தினாள். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்தாள்.

"இதையாவது ஒழுங்கா முழுங்கு. எனக்குக் குடுக்க மாட்டேன்னவன் உனக்கு இனாமா குடுத்திருக்கான். அருமை தெரியுதா?"

அவன் விழுங்கினான். அவள் இருமிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

பட்டறை வாசலில் அதே மேசை, அதே ஆள். டப்பாக்கள் மட்டும் ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தன.

"வாங்கம்மா, உட்காருங்க. இந்தத் தடவை முழுக்க முழுக்க உங்களுக்குத்தான்."

இந்தப் பட்டறையில் அவளை ஒருத்தர் உட்காரச் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் மனம் மாறுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அங்கேயே ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி விழுங்கினாள். அதற்கப்புறம்தான் புருஷன் ஞாபகம் வந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு டப்பா குடுங்க சார். அவருது தீரப் போகுது."

"இன்னுமா சாப்பிடுறாரு? நிறுத்தச் சொல்லி உங்க முதலாளிகிட்டச் சொல்லிட்டோமே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆம்பளைங்களுக்கு ஒத்துக்கலம்மா. நிறையப் பேருக்கு ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அதனாலதான் அதே மாத்திரையைப் பொம்பளைங்களுக்குன்னு மாத்திட்டாங்க."