அறுபத்தைந்துக்குக் கீழே

"அசையக் கூடாது. பேசவும் கூடாது. பேசினா துடிப்பு ஏறும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை.

நான் சர்வேயர். போன வாரம் சாணார்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பை அளந்துகொண்டிருந்தபோது, யாரோ உள்ளங்கையை வைத்து நெஞ்சை அழுத்தியதுபோல் இருந்தது. அதற்குத்தான் இந்த ஸ்கேன்.

மார்பெல்லாம் வயர். கையில் ஊசி. இதயத் துடிப்பு அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் படம் தெளிவாக விழுமாம். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரமாகியும் எழுபத்தொன்றில் நின்றது. இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரும், ஸ்கேன் எடுக்கும் பாண்டியராஜும். அங்கே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அவர்கள் பேசுவது உள்ளே கேட்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

அன்று விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும் பாண்டி. சீட்டு வேணுமா, வேணாமா."

"எம்புட்டு நாளு மேடம்?"

"ஒரு வருசம். சென்னையில. ஹார்ட்டு ஸ்கேன் மட்டும் படிக்கிறது."

"நமக்கு வாரத்துக்கு மூணு ஹார்ட்டு வருது. அதுக்கா ஒரு வருசம்?"

"நாம படத்த மட்டும் எடுத்து அனுப்புறோம். ரிப்போர்ட்டு சென்னையில இருந்து வர ரெண்டு நாளு. அதுக்கு யாரு வருவா? மதுரைக்கு பஸ் ஏறிருவாங்க. பாத்துச் சொல்ல இங்கயே ஒரு ஆளு இருந்தா மூணு முப்பதாகும்."

"ஆகலன்னா?"



நியாயமான கேள்விதான். ஒரு வருடம் போய்விட்டுத் திரும்பி வந்தபிறகும் வாரத்துக்கு அதே மூன்று பேர் வந்துகொண்டிருந்தால், போன வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது? கூரையைப் பார்த்துக்கொண்டு நானும் அதைத்தான் யோசித்தேன்.

"பதினோரு வருசமா கல்லீரல், கிட்னின்னு பாத்தாச்சு. இனிமே போயிச் சின்னப் பசங்களோட மொத பெஞ்சுல உக்காரணும்" என்றார் டாக்டர்.

"கடைசி பெஞ்சுல உக்காருங்க மேடம். போன் பாக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அசையக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

"அறுபத்தாறு. இன்னும் செத்த நேரம்" என்றான் பாண்டியராஜ். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு என்ன சொல்றாரு மேடம்?"

"எங்க சொல்றாரு. லெட்டர நாலு நாளாச் சாப்பாட்டு மேசையில வச்சிருக்கேன். எடுத்துப் படிச்சாரு. மடிச்சு வச்சாரு. அம்புட்டுதான்."

"அப்ப சரின்னு அர்த்தம்."

"உனக்குத் தெரியாது. வேணாங்கிறதத்தான் அவரு அப்பிடிச் சொல்லுவாரு."



"எழுபத்தெட்டு" என்றான் பாண்டியராஜ். "நல்லா எறங்கிட்டு வந்துச்சே, என்னாச்சு இப்ப?"

டாக்டரின் குரல் பக்கத்தில் வந்தது. "எதையும் யோசிக்காதீங்க. மூச்ச மெதுவா விடுங்க."

மரம் இல்லாத, வரப்பு இல்லாத, யாரும் சண்டைக்கு வராத ஒரு பெரிய வயலை நினைத்துக்கொண்டேன். அளக்க ஒன்றுமில்லை. சும்மா நின்றேன்.

அறுபத்துமூன்றுக்கு இறங்கியது.

"மூச்ச நல்லா இழுங்க. அப்பிடியே நிப்பாட்டுங்க" என்றது இயந்திரம், பாண்டியராஜின் குரலில். முதலில் அது ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்டுப் பாலசமுத்திரத்துக்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் இவன் தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டான்.

ஊசி வழியாக மருந்து இறங்கியது. தொண்டையிலிருந்து தொடைவரை வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு. நான் பத்துவரை எண்ணினேன்.

"இப்ப மூச்ச விடுங்க."

கதவு திறந்தது. டாக்டர் வந்து என் மார்பிலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரத்தக் குழாயெல்லாம் எனக்குச் சுத்தமாத்தான் தெரியுது. ஆனா அத நான் எழுதித் தரக் கூடாது. ரெண்டு நாளு பொறுங்க. இப்பப் பேசலாம்."

"நீ போயிட்டு வா, அறிவு" என்றேன். "அடுத்த தடவ ரெண்டு நாளெல்லாம் என்னால பொறுக்க முடியாது. நீயே பாத்துச் சொல்லிரு."

பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் நான் அவளிடம் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

வயரைப் பிடித்திருந்த கை நின்றது. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். பாண்டியராஜ் எங்களைப் பார்க்காததுபோல் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் கேட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"ஒரு வருசம்ங்க. சும்மா போயிட்டு வான்னு சொன்னா ஆச்சா? ஜீவிதாவக் காலையில பள்ளிக்கூடத்துக்கு யாரு கெளப்புறது? ஒரு தல பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

"லெட்டர் வந்த மறுநாள்ல இருந்து நாந்தான் பின்னி விடுறேன்."

அறிவுச்செல்வி கடைசி வயரைப் பிடுங்கினாள்.

"ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு" என்றாள். "அவளாப் பின்னிக்கிட்டாள்னு நெனச்சேன்."