இவுரு

ராயபுரத்துக் கல்லூரி ஒன்றில் கணினி மொழியியல் கருத்தரங்கு. பேச்சில் வரும் 'அவர்', 'இவர்' என்ற சொற்கள் யாரைக் குறிக்கின்றன என்று கணினிக்குக் கற்றுத்தருவதுதான் நர்மதாவின் ஆய்வு. அதற்குக் காசிமேட்டில் தன் அம்மா மங்கம்மாவின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். படகோடு கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரை மங்கம்மா எல்லா இடத்திலும் "இவுரு" என்றே சொல்லியிருந்தாள்.

"இல்லாதவரை அவர்னுதாம்மா சொல்லணும். திருத்தினாத்தான் கட்டுரை தொகுப்புல வரும்" என்றார் தலைமை வகித்த பேராசிரியர்.

"வராட்டி போவட்டும் சார். எங்க பேச்சுல கை வைக்க வுடமாட்டேன்" என்றாள் நர்மதா.

முன்வரிசையிலிருந்த மங்கம்மா நிதானமாகக் கேட்டாள்: "பக்கத்துலயே குந்தினுகீற ஆள இன்னாத்துக்கு சார் அவுருன்னு சொல்லணும்?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். நர்மதா அவர்களை முறைத்துவிட்டு, திருத்தாத வாக்கியங்களையே கடைசிவரை வாசித்தாள்.

இடைவேளையில் டீ வந்தது. பேராசிரியரே ஒரு கப்பை எடுத்து மங்கம்மாவிடம் நீட்டினார். பிறகு அவள் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து, டீ கொண்டுவந்தவரைக் கூப்பிட்டார்.

"இவருக்கும் ஒண்ணு குடுப்பா. நனைஞ்சு வந்திருக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. நர்மதா அந்த வாக்கியத்தையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டாள், ஓர் எழுத்தும் திருத்தாமல்.