காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்

“மூஞ்சியப் பாரு, உப்பில்லாத கஞ்சியக் குடிச்ச மாதிரி! இந்த மூதியா நம்ம புள்ளைய வச்சிருக்கவா, அனுப்பவான்னு சொல்லப் போவுது?”

கணவன் ஆண்டனியின் காதில் முணுமுணுத்தாள் ஸ்டெல்லா. முணுமுணுப்பு என்பது அவள் கணக்கில்தான். வெளியே நின்ற பியூனுக்கும் கேட்டிருக்கும்.

“சும்மா இருட்டி” என்றான் ஆண்டனி.

பூனாவில் தமிழ் பேசுவதில் உள்ள சௌகரியமே, எதிரில் இருப்பவரைப் பற்றி எதிரிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதுதானே!

எதிரில் இருந்தவர் பள்ளியின் மனநல ஆலோசகர் குல்கர்னி மேடம். வழக்கு, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஷீலாவின் வாய். அவள் தமிழில் திட்டுவாள், டீச்சர் துள்ளுவார், வகுப்பே சிரிக்கும். போதாக்குறைக்கு மராத்திப் பிள்ளைகளும் “கூறுகெட்ட மூதி” என்று சுத்தமாக உச்சரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாய் திருந்தாவிட்டால் டி.சி. என்று சொல்லிவிட்டது பள்ளி. ஸ்டெல்லா ஊருக்கு எஸ்.டி.டி. போட்டு அழுதிருந்தாள்.

இத்தனை வாரமாக ஷீலாவுக்குச் செய்த வைத்தியத்தை மேடம் ஹிந்தியில் விளக்கினார். அடி இல்லை, அதட்டல் இல்லை. அவள் திட்டியபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லபடி பேசினால் உடனே பாராட்டு. முதல் வாரம் இரண்டு மடங்கு திட்டித் தீர்த்தாளாம். கேட்க ஆளில்லாமல் அப்புறம் ஓய்ந்துவிட்டாளாம்.

“கேட்டியளா கூத்த? காதுல போட்டுக்காம இருக்கதுக்குப் பேரு வைத்தியமாம். இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சம்பளம்!” என்றாள் ஸ்டெல்லா.

மேடத்தின் புன்னகை மாறவில்லை. டி.சி. கிடையாது, ஷீலா இங்கேயே படிக்கலாம் என்றார்.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பிழைத்தாள்!

ஆனால் இந்த வார்த்தைகளெல்லாம் குழந்தைக்கு எங்கிருந்து வந்தன என்று மேடம் கேட்டார்.

ஸ்டெல்லா கூசாமல் கணவனைக் கை காட்டினாள். எல்லாம் இவருடைய ஃபேக்டரி சகவாசம், தான் வாயே திறப்பதில்லை என்று ஹிந்தியில் சத்தியம் செய்தாள். ஆண்டனி மின்விசிறியைப் பார்த்தான்.

மேடம் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார்.

“நான் பொறந்தது பாளையங்கோட்டை, கட்டிக்கிட்டதுதான் குல்கர்னிய” என்றார் அச்சு அசல் திருநெல்வேலித் தமிழில். “ஷீலா திட்டுனப்பயும் இப்படித்தான் கேக்காத மாதிரி இருந்தேன். அவளுக்கு வைத்தியம் முடிஞ்சிட்டு. உங்களுக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”