பதினோராவது கட்டம்

"அண்ணே, பதினோராவது கட்டத்தை மட்டும் ஏன் காலியா உட்டுட்டீங்க?"

சுலைகாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கட்டங்களை எண்ணத் தெரியும். விண்ணப்பத்தை ஆதிகேசவன் பக்கம் திருப்பி, வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"யோசிச்சு எழுதணும்மா. டெல்லிக்குப் போற காயிதம்."

"இன்னா கேக்குறாங்க அதுல?"

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "நாப்பத்தேழுல மீரான் எதுக்காவ பாகிஸ்தானுக்கு எழுதிக் குடுத்தான்னு காரணம் கேக்குறான்."

சுலைகா பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, காலையிலேயே கும்மிடிப்பூண்டியில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இது புதுப் பாதை அல்ல. அவள் கணவன் மீரான், தமிழ் எழுத ஆளில்லாத ஊரில் யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் எழுதவைத்து அனுப்பும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும், பதில் எழுதித் தரவும் அவளுக்கு ஆதிகேசவனை விட்டால் ஆளில்லை. அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மீரானும் அவரும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரே நாளில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையில் சேர்ந்தவர்கள். ஒரே தூக்குச் சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். நாடு இரண்டாகப் பிரிந்தபோது ரயில்வே ஆட்களிடம் ஒரு காகிதம் கொடுத்தார்கள். இந்தியாவில் வேலையா, பாகிஸ்தானில் வேலையா, எழுதித் தர வேண்டும். மீரான் பெயரில் போன காகிதத்தில் பாகிஸ்தான் என்று இருந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்த சிட்டகாங்குக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கி வந்துவிடுவேன் என்று சுலைகாவையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனான்.

ஆறு மாதம் ஆறு வருடமானது. பாஸ்போர்ட் என்றார்கள், விசா என்றார்கள். அறுபத்தைந்து சண்டையில் கடிதமும் நின்றுபோனது. கைக்குழந்தைக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. எழுபத்தொன்று கடைசியில் மீரான் இருந்த ஊரே பங்களாதேஷ் என்ற புது நாட்டுக்குப் போய்விட்டது. இந்த வருடம், எழுபத்திரண்டில், செஞ்சிலுவைச் சங்கத்தார் மூலம் அவனிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'உடம்பு முடியவில்லை. ஊருக்கு வரவேண்டும்.' அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இந்த விண்ணப்பம்.

"அங்க சம்பளம் ஜாஸ்தின்னு போனான்னு எழுதிடவா?" என்றார் ஆதிகேசவன்.

"அவரு சம்பளத்துக்காவ போவலண்ணே."

"கலாட்டாவுக்குப் பயந்துகினு போனான்னு எழுதலாம். அத்த ஒத்துப்பாங்க."

"பழவேற்காட்டுல எங்களை யாரு இன்னா சொன்னாங்க? ஏரியில மீன் புடிக்கிறவங்க ஊட்டுலதான் என் கல்யாணத்துக்கே பந்தி போட்டோம். பொய் சொல்லி அவரை வரவழைக்க வேணாம்."

"அப்ப சாதிசனத்தோட சேர்ந்து இருக்க ஆசைப்பட்டான்னு..."

சுலைகா அவரையே பார்த்தாள். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெளியே நெல்லூர் பாசஞ்சர் கூவிக்கொண்டு போனது.

ஆதிகேசவனின் மனைவி ஜானகியம்மாள் காபி கொண்டுவந்தாள்.

"அண்ணன் வந்துடுவாரா சுலைகா? வந்துட்டா எனக்கும் மனசு ஆறும்" என்றாள். "அந்த வருஷத்த நெனச்சா இப்பவும் எனக்குப் பகீருன்னுது. ஸ்டேஷன்ல ரெண்டு பேருல ஒருத்தர் அதிகம், இவரு குண்டக்கல்லுக்குப் போவணும்னு ஆர்டரே போட்டுட்டாங்க. என் பெரியவ வயித்துல. எங்கம்மா படுத்த படுக்கை. நல்லகாலம், மீரான் அண்ணன் கெளம்பினதால ஆள் பத்தாதுன்னு இவரை இங்கேயே நிறுத்திட்டாங்க."

"நீ உள்ள போ" என்றார் ஆதிகேசவன்.

அந்தக் குரலைக் கேட்டு ஜானகியம்மாள் திகைத்தாள். கட்டின நாள் முதல் அவளிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆதிகேசவன் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். காகிதத்தின் மேல் வைத்திருந்த கையை மடியில் இறக்கிக்கொண்டார். இத்தனை வருடம் எத்தனை கடிதம் எழுதியிருப்பார் இவளுக்காக. ஒரு காலணா வாங்கியதில்லை. அவள் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி பார்த்தார். அதெல்லாம் இந்த ஒரு கட்டத்துக்கு முன்னால் உதவிக்கு வரவில்லை.

"தாலுகா ஆபீஸ்ல வேற யாரையாச்சும் வெச்சு எழுதிக்கோம்மா" என்றார், தலை நிமிராமல். "எனக்குக் கை வரல."

"வேற யாருக்கும் காரணம் தெரியாதுண்ணே."

சுலைகா காபியைத் தொடவில்லை. பேனாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். குரல் உயரவில்லை, கடிதத்துக்குப் பதில் சொல்லி எழுதவைக்கும்போது பேசுகிற அதே குரல்தான்.

"வண்டி ஏறும்போதே அவரு என்கிட்ட சொல்லிட்டாரு. 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு கேசவன்கிட்ட காயிதத்தைக் குடுத்து, இந்தியான்னு எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவன் பாகிஸ்தான்னு எழுதிட்டான். நீ போய்ச் சண்டை போடாத. புள்ளத்தாச்சி இருக்கிற ஊடு. அவனே ஒருநாள் உண்மைய எழுதிக் குடுப்பான். அதுவரைக்கும் அவன் ஊட்டுக்குப் போய்க்கினு இரு'ன்னாரு. இருபத்தஞ்சு வருஷமா, கடுதாசி படிக்கிறதுக்கா நான் உங்ககிட்ட வந்துகினு இருக்கேன்?"