சிப்பி பேட்ஜ்

ஹென்றி போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனதும் வரதராஜன் எழுந்துவிட்டார். ஹென்றி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வெல்வெட் பலகையில் நூற்றுக்கும் மேல் பேட்ஜுகள் இருந்தன. அவருடைய கை தடுமாறாமல் நடுவரிசைக்குப் போனது.

ஓர் அங்குலத் தகர வட்டம். நீலத்தில் வெள்ளைச் சிப்பி, அதன் கீழே 'முத்துக்குளிப்பு முகாம்' என்று வளைந்த எழுத்து. ஊக்கை விடுவித்து எடுத்தபோது, நினைத்திருந்ததைவிட அது கனத்தது. பதற்றத்தில் அப்படித் தெரிகிறது என்று எண்ணியபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்பக்கம் ஹென்றியின் குரல் உயர்ந்தது. "ஏலே, போட்டுக்கு ஆள் இல்லேன்னா நான் என்ன செய்ய? ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கேம்லா."

வரதராஜன் பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அதே மாதிரி இன்னொரு சிப்பி பேட்ஜ். காலியாக இருந்த இடத்தில் அதைக் குத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பழைய பேட்ஜ் சேர்க்கும் பைத்தியம்தான் இருவரையும் நண்பர்களாக்கியது. வரதராஜன் ஸ்ரீவைகுண்டத்தில் வங்கி அதிகாரி; ஹென்றி தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகை ஓட்டுபவர். பன்னிரண்டு வருஷமாக, கட்சி மாநாட்டு பேட்ஜ், கோயில் கொடை பேட்ஜ், பள்ளிக்கூட நூற்றாண்டு பேட்ஜ் என்று காயலான் கடைகளைச் சேர்ந்தே கிளறியிருக்கிறார்கள்.

சிப்பி பேட்ஜ் கிடைத்தது வரதராஜனுக்கு. அறுபது வருஷத்துக்கு முன் கடைசியாக நடந்த முகாம் ஒன்றில் முத்துக் குளித்தவர்களுக்குக் கொடுத்தது அது. ஹென்றியின் அப்பா அந்த முகாமில் குளித்தவர்.

"எனக்குத் தந்திருங்க சார். பதிலுக்கு என் பலகையில எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க." இரண்டு வருஷம் ஹென்றி இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் வரதராஜன் சம்மதித்தார். ஆனால் அவர் கொடுத்தது அசல் இல்லை. பள்ளி ஆண்டுவிழா, பிறந்தநாள் என்று ஆசைக்கு பேட்ஜ் அடித்துக்கொடுக்க வீட்டில் ஒரு மெஷின் வைத்திருந்தார். அதில் அடித்து, பின்பக்கத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துரு ஏற்றிய நகல்.

ஹென்றி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன்னிடம் இருந்த கொழும்புக் கப்பல் பேட்ஜுகள் ஏழையும் கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு, தன் வீட்டுக் கூடத்து அலமாரியில் அசலை வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்க்கவே வரதராஜனுக்கு மனம் வரவில்லை. போன மாசம் ஹென்றி தன் மகளுடைய கல்யாணப் பத்திரிகையோடு வந்து, "மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான் சார்" என்று சொன்னதிலிருந்து தூக்கமும் போயிற்று. அன்று காப்பி கொண்டுவர உள்ளே போனவர், ஹென்றியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று காலை, டப்பாவில் இருந்ததைச் சரியாகப் பார்க்காமலே கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

ஹென்றி போனை வைத்துவிட்டு வந்தார். "என்ன சார், இப்படி வேர்க்குது? ஃபேனக் கூட்டட்டுமா?"

"வேண்டாம்."

"கல்யாணத்துக்கு வாரவங்க சட்டையில குத்திக்கிட நூறு பேட்ஜ் அடிச்சுத் தரணும் சார். பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போட்டு. உங்க மெஷின் வேல சுத்தமா இருக்கும், எனக்குத் தெரியும்."

வரதராஜனால் உட்கார முடியவில்லை. "கொஞ்சம் காத்தாட வெளிய போவோமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குப் போகும் தோணி ஒன்றில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் ஹென்றியை நிறுத்திக் கல்யாண மண்டபத்தைப் பற்றி விசாரித்தார்.

வரதராஜன் மட்டும் மேலே நடந்தார். நின்றார். திரும்பி வந்தார். சட்டைப் பையில் கிடந்த தகரம் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்து, ஒருமுறைகூடப் பார்க்காமல், தோணிக்கும் துறைக்கும் நடுவே தண்ணீரில் விட்டார்.

அப்படியும் மனம் அடங்கவில்லை. ஹென்றி பக்கத்தில் வந்து நின்றதும் தானாக வாய் திறந்துகொண்டது.

"ஹென்றி, ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேளும்."

"சொல்லுங்க சார்."

"போன வருஷம் உமக்குக் குடுத்த சிப்பி நான் மெஷின்ல அடிச்சது. இன்னைக்கு நீர் போன் பேசப் போனப்போ அத எடுத்துட்டு, எங்கிட்ட இருந்த அசல உம்ம பலகையில குத்தி வச்சுட்டேன். என்னை மன்னிச்சிரும்."

ஹென்றியின் முகத்தில் கோபமில்லை. ஏதோ அவசரமாகக் கணக்குப் போடுகிறவர் மாதிரி வரதராஜனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"எடுத்தது எங்க சார்?"

"இப்பதான் தண்ணியில போட்டேன். இனி அது யார் கண்ணுலயும் படக் கூடாது."

ஹென்றி துறையின் விளிம்புக்கு ஓடினார். குனிந்து, கலங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரையே பார்த்தார். 

"பத்திரிகை வைக்க வந்த அன்னைக்கே உங்க அலமாரி டப்பாவத் தொறந்து ரெண்டையும் நான் மாத்திட்டேனே சார்."