பேசியவர்கள்

டீச்சர் வெளியே போனால், ஒன்பதாம் வகுப்பில் யார் யார் பேசினார்கள் என்று லீடர் ரெக்ஸலின்தான் கரும்பலகையில் எழுத வேண்டும். திங்கட்கிழமை யாரும் பேசவில்லை, அவளும் எழுதவில்லை. "நாப்பது பிள்ளைய இருக்க கிளாஸ்ல ஒருத்திகூடவா பேசல? எவளக் காப்பாத்துத?" என்று புதிதாக வந்திருந்த டீச்சர் அவள் உள்ளங்கையில் நான்கு அடி போட்டார். செவ்வாய்க்கிழமையும் யாரும் பேசவில்லை. ரெக்ஸலின் வெகுநேரம் சாக்பீஸோடு நின்றாள். யார் பெயரை எழுதினாலும் இடைவேளையில் சண்டைக்கு வருவார்கள். கடைசியில், 'பேசியவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, பிறவியிலிருந்தே வாய் பேச வராத முப்பிடாதியின் பெயரை எழுதினாள். டீச்சருக்கு அது தெரியாது. "என்னட்டி பேசின? வாயத் தொறந்து சொல்லு" என்றார். முப்பிடாதி வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் கையை நீட்டினாள். ஆறு அடி. புதன்கிழமை டீச்சர் வெளியே போனதும் வகுப்பு முழுக்க ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ரெக்ஸலின் அதட்டினாள். "ஏன்ட்டி கத்துத? அதான் முப்பிடாதி இருக்காள்ல" என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி. ரெக்ஸலின் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதே பெயரை நேற்றைவிட அழகான கையெழுத்தில் எழுதினாள்.